பறி போனது, பாக்கி நின்றது: கொங்கு மாதாரிகளின் வரலாறும் ஜப்பான் தரும் பாடமும்

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் இரண்டு கேள்விகள் வந்தன. கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர், "பனியன் கம்பெனியில யாருங்க சாதி பாக்கறாங்க? பவர் டேபிள் ஓட்டத் தெரிஞ்சா வேலை, தெரியலைன்னா இல்லை. நாம இன்னும் பண்ணையம், அடிமைன்னு பழங்கதை பேசிட்டு இருக்கோம்" என்றார். செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கும் தங்கை ஒருவர், "ஜப்பான்லயும் நிலப்பிரபு, சாமுராய் எல்லாம் இருந்தாங்களாம். அதை ஒழிச்சுட்டு அவங்க எங்கேயோ போயிட்டாங்க. நம்மளால ஏன் முடியல?" என்று கேட்டார்.

அன்று நேரம் போதவில்லை. பதிலைக் கட்டுரையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். ஒரு நிலப்பிரபுத்துவ சமூகம் உடையும்போது, அதற்குள் இருந்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வெளியே வருவதில்லை. சிலர் நிலத்தோடு வருகிறார்கள், சிலர் உறவோடும் கடன் வாங்கும் தகுதியோடும் வருகிறார்கள், சிலர் கடனோடு மட்டுமே வருகிறார்கள். 'பழைய முறை ஒழிந்துவிட்டதா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'யார் எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்' என்றும் கேட்டால் திருப்பூரும் புரியும், ஜப்பானும் புரியும்.

கிணறும் தோலும்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. நொய்யல், அமராவதி, பவானி பாயும் கரையோரங்களை விட்டால் மற்றதெல்லாம் மேட்டுக்காடும் கிணற்றுத் தோட்டமும்தான். வானம் பார்த்த காட்டில் கம்பும் சோளமும் விளையும். பருத்தி, புகையிலை, மஞ்சள் என்று காசு தரும் பயிர் வேண்டுமென்றால் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டார் வருவதற்கு முன்பு இருந்த ஒரே பெரிய வழி கவலை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இழுபட, தோல் பறி நிறைந்து மேலே வரும்.

அந்தப் பறியைச் செய்தவர் மாதாரி. பண்ணையத்தில் மாடு செத்தால் தூக்கிப்போய் உரித்து, ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டு, தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டு, மழையிலும் வெயிலிலும் காய்ந்து போகாமல் காத்தவர் அவர். ஒரு தோட்டத்துக்குள் பாய்ந்த தண்ணீர் முழுவதும் அருந்ததியர் கை தைத்த தோல் வழியாகத்தான் வந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்தது தீட்டில்லை. அதே கிணற்றில் அவரே இறங்கி ஒரு குடம் தண்ணீர் மோந்தால் மட்டும் தீட்டு. சாதியின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய புத்தகம் தேவையில்லை.

கவலை ஓட்டவும், காட்டில் பாடுபடவும், மாடு கன்று பார்க்கவும் மாதாரிக் குடும்பங்கள் வருடக் கணக்கில் பண்ணையத்துக்கு விடப்பட்டன. கூலி பெரும்பாலும் தானியம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய பணம் கணக்கில் நின்றது; அது தீரும்வரை வேறு பண்ணையத்துக்குப் போக முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பிள்ளைகள் ஆடு மேய்க்க விடப்பட்டார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் சொல்வது அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைத்தான். இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் நம் பெரியவர்களில் பலர் அந்த ஆட்டுக்காரப் பிள்ளைகளாக இருந்தவர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960களில் காங்கேயம் பகுதியில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்குச் சமூகம் வலங்கை, இடங்கை என்று இரண்டாகப் பிரிந்திருந்ததை விரிவாக எழுதினார். நிலம் வைத்திருந்த கவுண்டரும் அவரைச் சார்ந்த சாதிகளும் வலங்கை. கைவினை, வணிகச் சாதிகள் இடங்கை. பறையர் வலங்கையில் வைக்கப்பட்டார்கள், மாதாரி இடங்கையில் வைக்கப்பட்டார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் ஒரே சேரியாகத் திரளாதபடி மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டின் தழும்பு இன்றும் நம் அமைப்புகளுக்குள் இருக்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சாமுராய் நாட்டிலும் ஒரு தோல்

இப்போது தங்கை கேட்ட ஜப்பானுக்குப் போவோம். 1603 முதல் 1868 வரை அங்கே டோகுகாவா வம்சத்தின் ஆட்சி. சமூகம் நான்கு படிகளாகச் சொல்லப்பட்டது: மேலே வாள் ஏந்திய சாமுராய், அடுத்து உழவர், பிறகு கைவினைஞர், கடைசியில் வணிகர். சினிமாவும் அனிமேவும் நமக்குக் காட்டுவது இந்த நான்கைத்தான். இந்த நான்குக்கும் வெளியே வைக்கப்பட்டவர்களைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை.

வெளியே வைக்கப்பட்டவர்களில் முக்கியமான பிரிவு 'எதா' என்று அழைக்கப்பட்டது. அந்தப் பெயரை எழுதப் பயன்படுத்திய எழுத்துகளுக்கு 'மிகுந்த அழுக்கு' என்று பொருள். இன்னொரு பிரிவு 'ஹினின்', அதாவது மனிதரல்லாதவர். எதாக்களின் வேலை செத்த மாட்டை, குதிரையை அப்புறப்படுத்துவது, தோல் பதனிடுவது, சிறைக் காவல், மரண தண்டனை நிறைவேற்றும் இடத்தில் ஊழியம். தனிக் குடியிருப்பு, தனித் திருமண வட்டம். சாமுராயின் கவசத்துக்கும் குதிரைச் சேணத்துக்கும் தோல் வேண்டும். தோலைத் தொட்டவன் மட்டும் தொடக்கூடாதவன். கொங்கில் கிணற்றுக்குத் தோல், அங்கே போருக்குத் தோல். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த இரண்டு சமூகங்கள் ஒரே தந்திரத்தைக் கையாண்டிருக்கின்றன: இல்லாமல் முடியாத வேலையைச் செய்கிறவரை இழிந்தவர் என்று சொல்லிவிட்டால், அந்த வேலைக்கு விலை பேசும் வலிமை அவருக்கு இல்லாமல் போய்விடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பல பகுதிகளில் எதாக்களுக்குச் செத்த மாட்டின் தோல் மீது தனி உரிமை இருந்தது. அவர்கள் குடியிருந்த நிலத்துக்கு வரி விலக்கு கிடைத்த இடங்களும் உண்டு. இழிவோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு சிறு பிழைப்பு அது. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அறிவிப்புகள்

1868ல் டோகுகாவா ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்த்தவர்கள் உழவர்களோ எதாக்களோ அல்லர். சத்சுமா, சோஷு போன்ற பிரதேசங்களைச் சேர்ந்த, பெரும்பாலும் கீழ்நிலைச் சாமுராய்கள். பேரரசர் மெய்ஜியின் பெயரில் அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் பிரதேச ஆட்சிகள் கலைக்கப்பட்டன, படைக்கு எல்லோரிடமிருந்தும் ஆள் எடுக்கப்பட்டது, நிலவரி பணமாக வாங்கப்பட்டது. 1876ல் வாள் ஏந்தும் உரிமையும் பறிக்கப்பட்டது. சாமுராய் என்ற வர்க்கம் சட்டப்படி முடிந்தது.

முடிந்த விதத்தைப் பாருங்கள். சாமுராய்களின் பரம்பரை நெல் ஊதியத்துக்கு ஈடாக அரசாங்கக் கடன் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. பலர் அதைத் தொலைத்து ஏழையானார்கள், 1877ல் சத்சுமாவில் கலகமும் செய்தார்கள். ஆனால் ஒரு பகுதியினர் அந்தப் பத்திரங்களை வைத்தே வங்கித் தொழிலுக்குள் நுழைந்தார்கள். படிப்பு இருந்ததால் அரசு அலுவலகம், காவல்துறை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் முதலில் உட்கார்ந்தவர்களும் அவர்களே.

எதாக்களுக்கு என்ன கிடைத்தது? 1871ல் ஓர் அறிவிப்பு கிடைத்தது. எதா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிக்கப்படுகின்றன, இனி அவர்களும் குடிமக்கள் என்றது அது. நிலம் இல்லை, பத்திரம் இல்லை, நட்ட ஈடு இல்லை. தோல் மீதிருந்த தனி உரிமை போனது; வெளியே இருந்து முதலீட்டோடு வந்தவர்கள் அந்தத் தொழிலைப் பிடித்தார்கள். வரி விலக்குப் போய் வரி வந்தது. பெயர் ஒழிந்ததும் 'புதுக் குடிமக்கள்' என்ற புதிய அடையாளம் ஒட்டப்பட்டது. சம உரிமை அறிவித்ததையே பொறுக்காத உழவர்கள் சில பகுதிகளில் கிளர்ந்தார்கள். 1873ல் மிமாசாகா பகுதியில் நடந்த கலவரத்தில் முன்னாள் எதாக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன, மக்கள் கொல்லப்பட்டார்கள். வாளைக் கீழே வைத்தவருக்குப் பத்திரம், தோல் பதனிட்டவருக்கு வெறும் அறிவிப்பு. ஜப்பான் நிலப்பிரபுத்துவத்தை 'ஒழித்த' கதையில் நாம் படிக்க வேண்டிய வரி இதுதான்.

நம் ஊருக்கும் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. 1843ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமை முறைக்கு இருந்த சட்ட ஆதரவை நீக்கியது. அதற்கு முன்பே, 1799ல் திப்பு வீழ்ந்து கோயம்புத்தூர் கம்பெனி கைக்கு வந்த பிறகு, இங்கே ரயத்துவாரி முறை நிலைபெற்றிருந்தது. இடைத்தரகர் இல்லாமல் உழுகிறவரிடமே அரசு வரி வாங்கும் முறை என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் பட்டாவில் ஏறியது யார் பெயர்? நிலத்தைக் கைவசம் வைத்திருந்த சாதியின் பெயர். கவலை ஓட்டியவர் பெயரும் பறி தைத்தவர் பெயரும் ஏறவில்லை. ஆக, 1843 அறிவிப்பு வந்தபோது மாதாரிக் குடும்பத்துக்குச் சட்டப்படி எசமான் இல்லை, நிலமும் இல்லை. அடுத்த வேளைக் கஞ்சிக்குத் திரும்பவும் அதே பண்ணையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. சட்டம் அறுத்த கயிற்றைக் கடன் மறுபடி முடிச்சுப் போட்டது.

மின்சாரம் வந்தது, பறி போனது

கொங்கை மாற்றியது மின்சாரம். 1930களில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. நூற்பாலைகள் பெருகின. கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. கவலை நின்றது, தோல் பறி தேவையில்லாமல் போனது.

இழிவான வேலை ஒழிந்தது நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் ஜப்பானில் நடந்ததே இங்கும் நடந்தது: இழிவோடு சேர்ந்து இருந்த அவசியமும் போனது. முன்பு மாதாரி இல்லாமல் தோட்டம் இல்லை. இப்போது மாதாரி வெறும் கூலி. தோல் வேலைக்கு ஈடாக மோட்டார் பழுது பார்க்கும் பயிற்சியோ, ஓர் ஏக்கர் நிலமோ யாரும் தரவில்லை.

மின்சாரத்தின் அரசியல் பலன் எங்கே போனது என்று பாருங்கள். 1970ல் மின் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் நாராயணசாமி நாயுடு போன்றவர்கள் தலைமையில் திரண்டார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில் ஜூன் 19 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். அந்த உயிர்களை நாம் மதிக்கிறோம். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆனால் அதைப் பெறக் கிணறு வேண்டும், கிணறு இருக்க நிலம் வேண்டும். அந்தத் தோட்டத்தில் களை எடுத்தவர்களுக்கு அந்த வெற்றியில் பங்கு ஏதும் இல்லை.

பண்ணையாள் முறையும் உடனே சாகவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. பொருளியல் அறிஞர் ஜூடித் ஹெயர் 1980களின் தொடக்கத்தில் கோவை மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்தபோது அந்த முறை உயிரோடுதான் இருந்தது. அவர் 1990களின் நடுவில் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனபோது அது வெகுவாகத் தேய்ந்திருந்தது. சட்டத்தைவிட அதைத் தேய்த்தது வெளியே கிடைத்த வேலை. அந்த வெளி வேலையின் தலைநகரம் திருப்பூர்.

கம்பெனிக்குள் யார் எதைக் கொண்டுபோனார்கள்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. முதலில் அதை நடத்தியவர்களில் இஸ்லாமியர்களும் மற்ற வணிகச் சாதியினரும் இருந்தார்கள். பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கவுண்டர் இளைஞர்கள் தொழிலாளிகளாக வந்தார்கள். இது உண்மை, நாம் மறுக்கவில்லை. கம்பெனியிலேயே படுத்துத் தூங்கி, மெஷின் ஓட்டி, பிறகு சொந்தக் கம்பெனி போட்டவர்கள் நிறையப் பேர். சரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 'ஃப்ரெட்டர்னல் கேப்பிடல்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 'எப்படி முன்னேறினீர்கள்' என்று கேட்டபோது முதலாளிகள் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் 'உழைப்பு'.

நம் கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியதுதான். உழைப்பு மட்டுமே முதலாளி ஆக்கும் என்றால், தலைமுறை தலைமுறையாகக் கவலை ஓட்டிய குடும்பங்கள் முதலில் முதலாளி ஆகியிருக்க வேண்டும். ஒரே உழைப்பு ஒருவரைக் கம்பெனி முதலாளியாகவும் இன்னொருவரைக் கைமடியாகவும் வைத்தது என்றால், நடுவில் வேறு ஏதோ இருக்கிறது.

அது என்ன? ஒன்று, ஊரில் கொஞ்சம் நிலம். தொழில் நொடித்தால் திரும்பிப் போக இடம், கடனுக்கு அடமானம். இரண்டு, பங்காளி, மாமன் மச்சான் உறவு. பங்குக் கம்பெனி போட ஆள், சீட்டுப் பிடிக்க நம்பிக்கை, மனைவி வழியாக வரும் நகையும் பணமும். மூன்று, பழைய முதலாளி 'நம்ம பையன்' என்று மெஷினைக் கடனுக்கு விடும் உரிமை. நான்கு, நூல் கடைக்காரரும் வங்கி மேலாளரும் பெயரைக் கேட்டதும் உட்காரச் சொல்லும் மரியாதை. இந்த நான்கும் ஜப்பான் சாமுராய் கையில் இருந்த கடன் பத்திரம் மாதிரி. யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை, சாதி கொடுத்தது. எல்லாக் கவுண்டரும் முதலாளி ஆகிவிடவில்லை. இன்றும் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். ஆனால் முதலாளி ஆகும் வழி அவர்களுக்குத் திறந்திருந்தது.

1984ல் பஞ்சப்படி கேட்டு திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்திய தொழிற்சங்க வரலாற்றில் மறக்கக் கூடாத போராட்டம் அது. அதற்குப் பிறகு உற்பத்தி சிறு சிறு யூனிட்டுகளாகவும் ஜாப் ஒர்க்காகவும் மேலும் உடைந்தது. சங்கத்தின் பலம் சிதற அது ஒரு வழி. அதே சமயம் தொழிலாளி ஒருவர் நான்கு மெஷின் போட்டுக் காண்ட்ராக்டர் ஆகவும் அது வழி. அந்த வாசலில் நுழைய முதல் வேண்டும், ஆர்டர் கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். நம் மக்களில் ஒருசிலர் நுழைந்தார்கள். பெரும்பாலோர் கூலியாகவே நின்றார்கள்.

இரண்டு ஊர்கள்

அப்படியானால் தம்பி சொன்னது பொய்யா? இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அது முக்கியமான பாதி.

கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். ஒன்றிலிருந்து தலித் இளைஞர்கள் பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் கூலி ஊர்க் கவுண்டரின் தயவில் இல்லை. கம்பெனியில் யார் என்ன சாதி என்று பெரிதாகத் தெரிவதும் இல்லை. வேலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் வேறு கம்பெனி. இந்தச் சுதந்திரம் ஊருக்குள்ளும் அவர்கள் நிமிர்ந்து நடக்க உதவியது.

இன்னொரு கிராமம் விசைத்தறி ஊர். தறியின் முதலாளியும் அதே கவுண்டர், நிலத்தின் முதலாளியும் அதே கவுண்டர். தறிக்கு வரும் தலித் குடும்பம் முன்பணம் வாங்குகிறது. அதன் பெயர் பாக்கி. பாக்கி தீரும்வரை தறியை விட்டுப் போக முடியாது; தீர்க்க வேண்டுமென்றால் இன்னொரு தறிக்காரரிடம் பாக்கி வாங்கி இங்கே கட்ட வேண்டும். பண்ணையத்தில் தோல் பறி போய்விட்டது, பாக்கி மட்டும் தறிக்கூடத்துக்கு இடம் மாறி நிற்கிறது. அந்த ஆய்வாளர்களின் ஒரு கட்டுரையின் தலைப்பே 'டி-ஷர்ட்டுகளும் டம்ளர்களும்' என்ற பொருளில் இருக்கிறது. உலகச் சந்தைக்கு டி-ஷர்ட் அனுப்பும் அதே வட்டாரத்தில் டீக்கடை டம்ளரில் தீண்டாமை.

ஆக, தொழிற்சாலை வந்தால் சாதி தானாகக் கரையும் என்பது சரியில்லை. எங்கே வேலையும் கடனும் ஊர் ஆதிக்கச் சாதியின் கையை விட்டு விலகியதோ, அங்கே மூச்சு விட இடம் கிடைத்தது. 2006க்குப் பிறகு வந்த 100 நாள் வேலை நம் பெண்களுக்குக் கொடுத்ததும் இதே இடம்தான். காட்டு வேலைக்கு 'இந்தக் கூலிக்கு வர முடியாதுங்க' என்று சொல்லும் வாய்ப்பை முதல் முறையாக அது தந்தது.

இந்த இடத்தில் ஜப்பானின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளம் பட்டு, பருத்தி ஆலைகள். 1872ல் தொமியோகாவில் அரசு தொடங்கிய மாதிரிப் பட்டாலையில் சாமுராய்க் குடும்பத்துப் பெண்களும் வேலை கற்றார்கள். பிறகு பெருகிய தனியார் ஆலைகளுக்கு ஏழை உழவர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தகப்பனிடம் முன்பணம், மகளுக்கு ஒப்பந்தம், பூட்டிய விடுதி, இரவு வேலை, காசநோய். 1911ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தும் பெண்களின் இரவு வேலை 1929ல்தான் தடைக்கு வந்தது. நம் வட்டார நூற்பாலைகளின் 'சுமங்கலி' திட்டம் உங்களுக்கு நினைவுக்கு வரும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் மொத்தமாகக் கல்யாணப் பணம். 'அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள்' என்று தங்கை சொன்ன பயணத்துக்கு அந்த ஏழைப் பெண்களின் நுரையீரலும் விலையாகக் கொடுக்கப்பட்டது.

பெயர் போனாலும் முகவரி போகவில்லை

1922 மார்ச் 3. கியோத்தோ நகரில் முன்னாள் எதாக்களின் பிள்ளைகள் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சமநிலைச் சங்கம் என்று நாம் மொழிபெயர்க்கலாம். அறிவிப்பு வந்து அரை நூற்றாண்டு கழித்து, 'விடுதலையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்ற நிலைக்கு அவர்கள் வந்தார்கள். இழிவாகப் பேசினால் நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்பது அவர்களின் போராட்ட வடிவம். ஐந்து ஆண்டு கழித்து 1927ல் பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார்.

அந்த இயக்கத்தின் வழிவந்த போராட்டத்தால் 1969ல் ஜப்பான் அரசு புராகு குடியிருப்புகளுக்குத் தனிச் சட்டம் போட்டது. வீடு, சாலை, படிப்பு உதவி வந்தன. ஆனால் 1975ல் ஒரு விஷயம் அம்பலமானது. நாடு முழுவதும் உள்ள புராகு குடியிருப்புகளின் பெயரைத் தொகுத்த பட்டியல் ஒன்று இரகசியமாக விற்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முகவரியைச் சரிபார்க்க அதை வாங்கியிருந்தன. முகத்திலும் மொழியிலும் மதத்திலும் எந்த வேறுபாடும் இல்லாத நாட்டில் முகவரியே சாதியாகிவிட்டது.

திருப்பூரில் அப்படிப் பட்டியல் தேவையில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது, "எந்த ஊருங்க? ஊருக்குள்ளயா, காலனிங்களா?" என்ற கேள்வியை எங்களில் கேட்காதவர் யாரும் இல்லை. 2018ல் நம் மாவட்டத்தில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று அரசுப் பள்ளியின் வாசலில் நின்றார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகும் துணியை நம் கை தைக்கலாம்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஆக்கக் கூடாது. தோல் பறித் தண்ணீரின் தர்க்கம் இன்னும் சாகவில்லை.

அரசியல் மாற்றத்தின் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். மெய்ஜி மாற்றத்தைச் செய்தது ஆளும் வர்க்கத்தின் நடுப்பகுதி. தனக்கு மேலே இருந்ததை உடைத்தது, கீழே இருந்ததை அப்படியே விட்டது. தமிழ்நாட்டின் பார்ப்பனரல்லாதார் அரசியல் நமக்குப் பள்ளியையும் மொழியையும் சுயமரியாதைச் சொற்களையும் கொடுத்தது. அதை நாம் கைவிட முடியாது. ஆனால் கொங்கில் அதன் பெரும் பலன் நிலமுடைய இடைநிலைச் சாதிக்குப் போனது. 1975ல் கொங்கு வேளாளர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அருந்ததியர் உள்ளிட்ட ஏழு சாதிகளுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்க 2009 வரை ஆனது. அதை நிலைநிறுத்த 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 3 விழுக்காட்டில் படித்து வந்த முதல் தலைமுறைதான் இன்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தம்பிக்கும் தங்கைக்கும்

தம்பி, கம்பெனியில் சாதி தெரியவில்லை என்று நீங்கள் சொன்னது உங்கள் அனுபவம். அது நம் தலைமுறை பெற்ற வெற்றி. அடுத்த முறை கம்பெனிக்குள் போகும்போது மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். மெஷினில் யார், ஆபீஸ் அறையில் யார், சாயப்பட்டறையிலும் கழிவறை சுத்தம் செய்வதிலும் யார். பிறகு உங்கள் காலனிக்குத் திரும்பி, எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எத்தனை வீட்டுக்குத் தறிக்காரரிடம் பாக்கி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். கொத்தடிமைச் சட்டம் முன்பணத்தால் கட்டிவைக்கும் வேலையையும் குற்றம் என்றே சொல்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது. போய்ச் சொல்வது நம் வேலை.

தங்கை, ஜப்பான் நிலப்பிரபுத்துவத்தை ஒழித்தது உண்மை. ஆனால் அங்கேயும் நம்மைப் போன்றவர்களுக்கு அறிவிப்பு மட்டும்தான் கிடைத்தது. மற்றதையெல்லாம் அவர்கள் அமைப்பாகத் திரண்டு பிடுங்கினார்கள். 'நம்மளால ஏன் முடியல' என்ற கேள்விக்குப் பதில், நாம் இன்னும் முழுதாகத் திரளவில்லை என்பதே. வலங்கை, இடங்கை என்று போட்ட கோட்டை அழிக்காமல், நிலம், கடன், கூலி மூன்றையும் சேர்த்துக் கேட்கும் சங்கத்தை நம்மால் கட்ட முடியாது.

இந்தக் கட்டுரையை எழுதும்போது பல்லடம் பக்கம் ஒரு காலனியில் எண்பது வயதை நெருங்கும் அம்மாயி ஒருவரிடம் கவலையைப் பற்றிக் கேட்டோம். பறி தைக்கும் முறையை ஊசி பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். அந்தத் தோட்டம் இப்போது என்னவாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "அதுலதான் கம்பெனி கட்டிருக்காங்க, எம் பேத்தி அங்கதான் போறா" என்றார். இப்படி ஓர் அம்மாயி உங்கள் வீட்டிலும் இருப்பார். உட்கார்ந்து கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். பட்டாவில் ஏறாத நம் பெயர்களை நாமாவது எழுதி வைப்போம்.

ஜெய் பீம்.